தொழில் தேடி நகரம் செல்லல்: தவக்குலும் தயார்நிலையும்



 

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து ஒரு வருடம் கடந்துவிடுகின்றது. ஊரில் தொழில் கிடைப்பதாக இல்லை. வயலிலும் கடலிலும் வாப்பாவுக்கே வேலை குறைந்திருக்கும் காலம். கொழும்பிலுள்ள நண்பன், "வந்து பார், ஏதாவது கிடைக்கும்" என்று தொலைபேசியில் கூறுகின்றான். உம்மாவின் கையிலிருந்த காப்பு அடகுக்குப் போகின்றது. இரவு பஸ்ஸில் ஏறிய பிள்ளை அதிகாலையில் புறக்கோட்டையில் இறங்குகின்றான். காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் புத்தளத்திலும் எத்தனையோ வீடுகளில் நடக்கின்ற விடயம் இது. நாடு பொருளாதார நெருக்கடியில் சிக்கியிருக்கும் காலங்களில் இது இன்னும் அதிகரிக்கின்றது. கையில் ஒரு தொழில் உறுதியாகாத நிலையில், தொழில்கள் குறைந்துகொண்டிருக்கும் ஒரு காலத்தில், புதியதொரு நகரத்துக்குச் செல்லலாமா? செல்வதாயின் எவ்வாறு செல்ல வேண்டும்? இதனையே இங்கு விளக்க முற்படுகின்றோம்.

இவ்விடயத்தில் நம்மவர்கள் இரு சாராராகப் பிரிந்து பேசுவதைக் கேட்கின்றோம். "ரிஸ்கை அளிப்பவன் அல்லாஹ். தவக்குல் வைத்துப் புறப்படு" என்பர் ஒரு சாரார். "ஊரில் கஞ்சியாவது கிடைக்கும், இருக்கும் இடத்தில் இரு" என்பர் மறு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு, எனினும் இரண்டும் பாதி உண்மைகளே.

ரிஸ்கைத் தேடிப் பயணம் செய்வதை இஸ்லாம் ஒருபோதும் தாழ்வாகக் கருதவில்லை. பூமியை மனிதனுக்கு வசதியாக ஆக்கித் தந்து, அதன் பல பாகங்களிலும் நடந்து தனது ரிஸ்கை உண்ணுமாறு ஸூரா அல்முல்கின் 15ஆம் வசனத்தில் அல்லாஹ் பணிக்கின்றான். ஸூரா அல்முஸ்ஸம்மிலின் 20ஆம் வசனமோ, அல்லாஹ்வின் அருளைத் தேடிப் பூமியில் பயணம் செய்வோரை, அவனது பாதையில் போராடுவோருடன் சேர்த்தே குறிப்பிடுகின்றது. எனவே தொழில் தேடிப் புறப்படும் பிள்ளையை ஊர்சுற்றி என்று ஏசுவது பொருத்தமன்று.

ஆனால், அதே மார்க்கம்தான் மற்றொரு சம்பவத்தையும் நமக்குச் சொல்லித் தருகின்றது. யமன் தேசத்தவர் சிலர் கையில் உணவோ பணமோ இன்றி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு வருவார்கள். தாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்றும் கூறிக்கொள்வார்கள். மக்காவை வந்தடைந்ததும் மனிதர்களிடம் கையேந்துவார்கள். இதனையொட்டியே, பயணத்துக்கு வேண்டிய கட்டுச்சாதத்தை எடுத்துக்கொள்ளுமாறு கட்டளையிடும் அல்பகராவின் 197ஆம் வசனம் இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புஹாரியில் பதிவாகியுள்ளது. இங்கு கவனியுங்கள்: அவர்கள் சென்றது ஹஜ் எனும் பெரும் வணக்கத்துக்கு. அத்தகைய பயணத்துக்கே ஆயத்தமின்றிச் செல்லக் கூடாது எனில், தொழில் தேடிச் செல்லும் பயணத்தைப் பற்றி என்ன சொல்வது?

நெருக்கடிக் காலத்தில் நகரத்தில் என்ன நடக்கின்றது?

கொழும்பில் எப்போதும் வேலை இருக்கும் என்பது நம் பகுதிகளில் ஊறிப்போன ஓர் எண்ணம். சாதாரண காலத்தில் அது பெருமளவுக்குச் சரியாகவும் இருக்கலாம். ஆனால் நம் நாடு அண்மையில் கண்ட அனுபவத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் 2022 ஏப்ரல் 12ஆம் திகதி அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தையும், உணவுப் பொருள்களின் பணவீக்கம் ஏறத்தாழ 95 சதவீதத்தையும் தொட்டன. அந்த ஆண்டில் நாட்டின் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேலாகச் சுருங்கியது. 2023இல் மேலும் 2 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவித் திட்டம் கிடைத்து, 2024இல்தான் பொருளாதாரம் மீண்டும் ஏறத்தாழ 5 சதவீதம் வளர்ந்தது. பணவீக்கம் குறைந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்டு, விலைகள் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டன என்று எண்ணிவிட வேண்டாம். விலை ஏறும் வேகம் குறைந்தது என்பதே அதன் பொருள். ஏறிய விலைகளில் பெரும்பாலானவை ஏறியவாறே இருக்கின்றன.

இத்தகைய காலத்தில் தொழில்கள் எந்த ஒழுங்கில் மறைகின்றன என்பதை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். முதலில், நிறுவனங்கள் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்துகின்றன. இருப்பவர்களை நீக்குவது அதன் பின்னர்தான். மேலதிக நேர வேலை வெட்டப்படும். அதன் பின்பு தற்காலிக ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். அனுபவமுள்ள அவர்களும் வேலை தேடி அதே கடைகளின் படிகளில்தான் ஏறுவார்கள். ஆகவே நகருக்குப் புதிதாக வரும் இளைஞன் வரிசையின் கடைசியில் நிற்கின்றான். அவன் திறமையற்றவன் என்பதனால் அல்ல, கதவு முதலில் மூடப்படுவது புதியவருக்கு என்பதனாலாகும். இதை அவனும் அவனது பெற்றோரும் விளங்கிக்கொண்டால், இரண்டு மாதத்தில் வேலை கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு பிள்ளை "உதவாதவன்" என்ற பெயரைச் சுமக்க வேண்டி வராது.

2022இல் புறக்கோட்டையின் மொத்த வியாபாரக் கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். டொலர் தட்டுப்பாட்டினால் வங்கிகளில் கடன் கடிதம் திறக்க இயலாமற் போனது. இறக்குமதிச் சாமான் வரவில்லை. சாமான் இல்லாத கடைக்கு விற்பனையாளரும் வேண்டாம், நாட்டாமையும் வேண்டாம். கட்டடப் பொருள்களின் விலை ஏற்றத்தால் கட்டுமான வேலைகள் பாதியில் நின்றன. முச்சக்கர வண்டி ஓட்டியாவது பிழைக்கலாம் என்று எண்ணியவர்களோ எரிபொருள் வரிசையில் நாள்களைக் கழித்தார்கள். அதற்கு முன்னர், 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, நாட்கூலியை நம்பிப் போர்டிங் அறைகளில் தங்கியிருந்தவர்களின் வருமானம் ஒரே நாளில் நின்றதையும் மறந்துவிடலாகாது.

எல்லாக் கதவுகளும் மூடப்படுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கை இறுகும் காலத்தில் மக்கள் புதியதை வாங்குவதை விட்டுப் பழையதைத் திருத்துகின்றார்கள். கைத்தொலைபேசி திருத்துபவர், மோட்டார் சைக்கிள் மெக்கானிக், மின்னிணைப்பாளர், குளிர்சாதனப் பெட்டி திருத்துபவர், தையற்காரர் ஆகியோரின் கைக்கு வேலை ஒரேயடியாக நின்றுவிடுவதில்லை. சாப்பாட்டுக் கடைகளும் மருந்தகங்களும் ஓரளவு இயங்கும். "ஏதாவது செய்வேன்" என்று வருபவருக்கும், "இதைச் செய்யத் தெரியும்" என்று வருபவருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் நெருக்கடிக் காலத்தில்தான் பளிச்சென்று தெரியும்.

சந்தைக்கு வழி கேட்ட ஸஹாபி

தொழில் தேடி வேற்றூர் செல்வதைப் பற்றிப் பேசும் எவரும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரழி) அவர்களைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. மக்காவில் வசதியுடன் வாழ்ந்த அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது கையில் ஒன்றுமில்லை. நபி (ஸல்) அவர்கள் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் சகோதரர்களாக இணைத்தபோது, அவர்களை ஸஃத் இப்னு ரபீஃ (ரழி) அவர்களுடன் இணைத்து வைத்தார்கள். ஸஃத் அவர்கள் தமது செல்வத்தில் சரி பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரழி) அவர்கள் அவருக்காகப் பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கின்றது என்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகாஃ சந்தைக்கு வழி காட்டப்பட்டது. அன்று திரும்பி வரும்போது அவர்களது கையில் சிறிது பாலாடைக்கட்டியும் நெய்யும் இருந்தன. மறுநாளும் சென்றார்கள். தொடர்ந்து சென்றார்கள். சில காலத்தில் ஒரு பேரீச்சம் விதையின் எடையளவு தங்கத்தை மஹராகக் கொடுத்துத் திருமணமும் முடித்தார்கள். ஓர் ஆட்டைக் கொண்டாயினும் வலீமா கொடுக்குமாறு நபியவர்கள் அவர்களுக்குக் கூறினார்கள். பிற்காலத்தில் மதீனாவின் பெரும் செல்வந்தர்களுள் ஒருவராகவும் அவர்கள் திகழ்ந்தார்கள்.

இச்சம்பவத்தை நாம் சொல்லும் முறையில் ஒரு குறை உள்ளது. சந்தைக்கு வழி கேட்டதை விரித்துச் சொல்கின்றோம். ஸஃத் (ரழி) அவர்களின் வீட்டை விட்டுவிடுகின்றோம். பாதிச் செல்வத்தை ஏற்க மறுத்த அப்துர் ரஹ்மான் (ரழி) அவர்கள், அந்தச் சகோதரத்துவத்தையும் அது தந்த அரவணைப்பையும் மறுக்கவில்லை. முதல் நாள் இலாபம் சிறிது நெய்யும் பாலாடைக்கட்டியும் மட்டுமே. அவ்வளவு சிறிய இலாபத்தோடு ஒருவர் பொறுமையாக மறுநாளும் சந்தைக்குச் செல்ல முடிவது, தலைக்கு மேல் கூரையும், "இன்று எவ்வாறு இருந்தது?" என்று கேட்க ஒரு சகோதரனும் இருக்கும்போதுதான். மேலும், அவர்கள் மக்காவிலேயே வியாபாரம் கற்றுத் தேர்ந்தவர்கள். பொருளை இழந்தார்களே தவிர, தொழிலை இழக்கவில்லை.

ஆகவே நகரம் செல்ல எண்ணும் இளைஞரே, உங்களிடம் இரண்டு கேள்விகள். உங்கள் கையோடு வரும் தொழில் எது? அங்கே உங்களுக்குரிய ஸஃத் யார்? இரண்டுக்கும் விடை இருப்பின் வேலை உறுதியாகாவிட்டாலும் புறப்படலாம். ஒன்றுக்காவது விடை இருப்பின் மஷூரா செய்யுங்கள். இரண்டுக்குமே விடை இல்லையெனில், நெருக்கடிக் காலத்தில் அப்பயணத்தைச் சிறிது பிற்போடுவதே இக்கட்டுரையாளரின் அபிப்பிராயமாகும்.

நான்கு மாதத் தீனி

பிற்போடுவது என்றால் சும்மா இருப்பது என்று அர்த்தமில்லை. ஹிஜ்ரத் செய்வதற்கு ஆயத்தமான அபூபக்ர் (ரழி) அவர்களை நபியவர்கள் பொறுத்திருக்குமாறு கூறியபோது, அவர்கள் தம்மிடமிருந்த இரு பெண் ஒட்டகங்களுக்கு நான்கு மாதங்களாகத் தீனி போட்டு வளர்த்ததாக ஆஇஷா (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். பாதை தெரிந்த ஒரு வழிகாட்டி கூலிக்கு அமர்த்தப்பட்டார். அவர் முஸ்லிம் அல்லர், ஆயினும் தொழிலில் தேர்ந்தவர், நம்பிக்கைக்குரியவர். தௌர் குகையில் மூன்று இரவுகள் தங்கியதும், செய்தி கொண்டுவர ஒருவரும் ஆடு ஓட்டி வந்து பால் தர ஒருவரும் ஏற்பாடாகியிருந்ததும் நீங்கள் அறிந்ததே. அல்லாஹ்வின் நேரடிப் பாதுகாப்பில் இருந்த நபியின் பயணமே இவ்வாறு திட்டமிடப்பட்டது.

அந்த நான்கு மாதங்கள் உங்களுக்கும் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? முதலாவது, கைத்தொழில். தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் தரும் பயிற்சி நிலையங்கள் எல்லா மாவட்டங்களிலும் உள்ளன. வாப்பாவுடனோ மாமாவுடனோ நின்று ஏற்கனவே தொழில் பழகியவராயின், முன்கற்றலை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முறையும் உண்டு. வகுப்பறையில் அமராமலே உங்கள் கைத்திறனுக்கு ஒரு கடதாசி கிடைக்கும். இரண்டாவது, சிங்கள மொழி. கிழக்கிலிருந்து வரும் நம் பிள்ளைகளுக்குக் கொழும்பில் தடுக்கி விழவைக்கும் முதற்கல் இதுதான். வாடிக்கையாளரிடம் விலை சொல்லவும், பஸ்ஸில் இடம் கேட்கவும், பொலிஸார் விசாரித்தால் பதறாமல் பதில் சொல்லவும் அது வேண்டும். மூன்றாவது, ஆவணங்கள்: தேசிய அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், ஊர்ப் பள்ளிவாசல் நிருவாகத்தின் கடிதம். 2019 ஏப்ரல் சம்பவங்களின் பின்னர் அறை தேடிய நம் இளைஞர்கள் பட்ட சிரமங்களை அறிந்தவர்களுக்கு இக்கடதாசிகளின் பெறுமதி விளங்கும்.

நான்காவது, பணம். இதனைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஏனெனில் பெரும்பாலோர் பஸ் கட்டணத்தையும் முதல் மாத வாடகையையும் மட்டுமே கணக்கிடுகின்றார்கள். அறைக்கு முற்பணம் கேட்பார்கள். சாப்பாடு, பஸ், தொலைபேசி, சவர்க்காரம் என நாளொன்றுக்குச் செலவு 1,500 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், வாடகையின்றியே மாதத்துக்கு 45,000 ரூபா ஆகின்றது. மூன்று மாதத்துக்கு 135,000 ரூபா. வேலை கிடைத்த பின்பும் முதற் சம்பளம் கைக்கு வர மேலும் ஒரு மாதம் செல்லும். இன்றைய விலைகளை நகரத்திலுள்ள ஒருவரிடம் கேட்டு, இந்தக் கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். வந்த தொகை கையில் இல்லையெனில், ஊரிலேயே கிடைக்கும் சிறு வேலையில் அதனைச் சேர்க்கும் வரை பொறுத்திருங்கள். திரும்பி வருவதற்கான பஸ் கட்டணத்தைத் தனியாக ஓர் உறையில் இட்டு வைப்பதும் அவசியம். எந்தக் காரணத்துக்காகவும் அந்த உறையைத் தொடலாகாது.

இப்பணத்தை வட்டிக்கு எடுக்க வேண்டாம். அடகுக் கடையில் வைத்த காப்பு வட்டி ஏறி மூழ்கிப்போன கதைகள் நம் ஊர்களில் ஏராளம். வட்டி ஹராம் என்பது ஒருபுறமிருக்க, வேலையே உறுதியில்லாத ஒருவர் மாதந்தோறும் வளரும் கடனைச் சுமப்பது உலக நடைமுறையிலும் அறிவீனமாகும். உம்மா மனமுவந்து தருவதாயின், அதனை அடகு வைக்காது விற்றுவிடுவது மேலானது. உறவினர் ஒருவரிடம் வட்டியில்லாக் கடனாகப் பெறுவதாயின், அல்குர்ஆன் கற்றுத் தந்தவாறு தொகையையும் தவணையையும் எழுதிக்கொள்ளுங்கள். தவணைக் கட்டணத்தில் மோட்டார் சைக்கிள் எடுத்து விநியோக வேலை செய்யலாம் என்று கூறுவோரும் உளர். வண்டியை இழந்தும் கடன் தீராத நிலையில் நிற்பவர்களை அவர்கள் காட்டுவதில்லை.

வேலை கிடைத்ததும் நியமனக் கடிதம் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் முதலாளியிடமிருந்து 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியிடமிருந்து மேலும் 3 சதவீதமும் செலுத்தப்பட வேண்டும். "முதலில் ஆறு மாதம் பார்ப்போம், பிறகு போடுவோம்" என்பது வழக்கமாகிவிட்டது, ஆனால் அது சட்டமல்ல. தகுதிகாண் காலத்திலும் அந்த உரிமை உண்டு. முதலாளி முஸ்லிமாயின் அவருக்கு இது அமானிதமும் கூட.

வெளிநாட்டு ஆசை

கொழும்பிலும் வேலை இல்லை என்றதும் பிள்ளையின் பார்வை டுபாய்க்குத் திரும்புகின்றது. 2022ஆம் ஆண்டில் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவுசெய்து வெளிநாடு சென்றனர். பதிவுசெய்து செல்வது வேறு, வருகை விசாவில் சென்று அங்கே வேலை தேடுவது வேறு. ஐக்கிய அரபு இராச்சியத்தில் வருகை விசாவில் வேலை செய்வது சட்டவிரோதமாகும். நாட்கள் முடிந்ததும் தண்டப்பணம் ஏறத் தொடங்கும். முகவர் அனுமதிப்பத்திரம் பெற்றவரா என்பதைப் பணியகத்தில் விசாரித்த பின்னரே கடவுச்சீட்டைக் கையில் கொடுங்கள். கணினி அறிவுள்ள நம் நாட்டு இளைஞர்கள், நல்ல சம்பளத்தில் கணினி வேலை என்ற வாக்குறுதியை நம்பிச் சென்று, மியன்மாரின் மியாவதிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு மீட்கப்பட்ட செய்திகளை 2023, 2024ஆம் ஆண்டுகளில் கேட்டோம். தொழிலின் பெயரால் பிறரை ஏமாற்ற அங்கே அவர்கள் நிர்ப்பந்திக்கப்பட்டார்கள்.

பெற்றோர்களே!

இஸ்திகாராத் தொழுது புறப்படுமாறு பிள்ளைக்குக் கூறுங்கள். இஸ்திகாரா என்பது கனவுக்காகக் காத்திருப்பதன்று. விசாரிக்க வேண்டியதை விசாரித்து, அறிந்தவர்களிடம் மஷூரா செய்து, ஒரு முடிவின் பக்கம் வந்த பின்னர், அதில் நன்மை இருந்தால் இலேசாக்கித் தருமாறும் தீமை இருந்தால் திருப்பிவிடுமாறும் அல்லாஹ்விடம் கேட்பதாகும்.

புறப்படும் முன்னர் வீட்டில் அமர்ந்து ஒரு தவணையைப் பேசி முடிவு செய்யுங்கள். மூன்று மாதம் என்றால் மூன்று மாதம். அதற்குள் அமையாவிட்டால் திரும்பி வருவது என்பதை, புறப்படும் முன்னரே நீங்கள் உங்கள் வாயால் சொல்லிவிட வேண்டும். வெறுங்கையுடன் வராதே என்று அனுப்பப்பட்ட பிள்ளை, பசித்திருந்தாலும் சொல்லமாட்டான். அவனுக்கு வீடு திரும்பும் பாதையை அடைத்துவிட்டால், இலகுவான பணம் என்று யாராவது காட்டும் பாதை திறந்தே இருக்கும். போதைப்பொருள் வியாபாரிகள் தேடுவது இத்தகைய பிள்ளைகளைத்தான். பசியுடன் காலையில் புறப்பட்டு வயிறு நிறைந்து மாலையில் திரும்பும் பறவைகளைத் தவக்குலுக்கு உதாரணமாக நபியவர்கள் கூறியுள்ளார்கள். புறப்படுதலை எடுத்துரைக்கும் நாம், அந்தப் பறவைகள் கூட்டுக்குத் திரும்புவதையும் சற்றுக் கவனிக்கலாம்.

தொலைபேசியில் பேசும்போது "வேலை கிடைத்ததா?" என்பது முதற் கேள்வியாக இருக்க வேண்டாம். "சாப்பிட்டாயா, தொழுதாயா?" என்று கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை அனுப்பிய தொகையை அவனிடம் சொல்லாதீர்கள். மகன் மணமுடித்தவராயின், மனைவி மக்களின் செலவு அவர் மீது கடமை என்பதை மறந்துவிடக் கூடாது. மனைவியின் வீட்டிலேயே குடியிருக்கும் வழக்கமுள்ள நம் கிழக்கூர்களில், அச்சுமை சத்தமின்றி மாமனாரின் தலையில் ஏறிவிடுகின்றது. அவருடனும் முன்கூட்டியே பேசி, அவரது சம்மதத்தையும் பெற்றுக்கொள்வது மார்க்கப் பண்பாகும்.

மஹல்லாக்களின் பொறுப்பு

இனி, நகரத்துப் பள்ளிவாசல் நிருவாகிகளிடமும் ஒரு வார்த்தை. ஊரைவிட்டு வந்தவன் எந்த மஹல்லாவுக்கும் உரியவனல்லன். ஸகாத் பட்டியலில் அவனது பெயர் இராது. ஊர்ப் பட்டியலில் இருந்தாலும் ஊரில் அவன் இல்லை. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுக் கூட்டத்தாருள் ஏழைகளும் வழிப்போக்கரும் அடங்குவர் என்பதை நாம் பிரசங்கம் செய்கின்றோம். இளைஞன் ஒருவன் இஷாவுக்குப் பின் பள்ளியின் பின்வரிசையில் பையுடன் அமர்ந்திருந்தால், கதவு பூட்டும் நேரமாகிவிட்டது என்று அவனுக்குச் சொல்லவும் செய்கின்றோம்.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் அரேபியாவைக் கடும் வறட்சி பீடித்தது. சாம்பல் ஆண்டு என்று வரலாறு அதனை அழைக்கின்றது. கிராமப்புறத்து அரபிகள் பிழைப்புத் தேடி மதீனாவைச் சூழ்ந்து குவிந்தார்கள். கலீபா உமர் (ரழி) அவர்கள் அவர்களை நகரைவிட்டு விரட்டவில்லை. தங்குமிடங்களை ஏற்படுத்தி, அவர்களை எண்ணிக் கணக்கெடுத்து, சமைத்து உணவளித்தார்கள். மாகாண ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதி உணவுப் பொருள்களை வரவழைத்தார்கள். மக்களின் கஷ்டம் நீங்கும் வரை தாம் நெய் உண்பதையும் நிறுத்திக்கொண்டார்கள். மழை பெய்தபோது, வந்தவர்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பிச் செல்ல வழியுணவும் வாகனமும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

ஒவ்வொரு பெரிய பள்ளிவாசலும் இரண்டு கட்டில்களுடன் ஓர் அறையை ஒதுக்குவது பெரிய செலவல்ல. ஊர்ப் பள்ளியின் கடிதத்துடன் வருபவருக்கு இரண்டு வாரம் தங்க அனுமதி, பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பதியும் ஒரு கொப்பி, ஜும்ஆவுக்குப் பின் வியாபாரிகள் தமக்குத் தேவையான ஆட்களை எழுதி வைக்க ஓர் அறிவிப்புப் பலகை, திரும்பிச் செல்ல விரும்புபவருக்குக் கேள்வி கேட்காமல் ஒரு பஸ் டிக்கட். இதற்குக் கட்டடக் குழுவின் அனுமதிக்காக வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த நிருவாகக் கூட்டத்திலேயே பேசலாம்.